கீபோர்டு இல்லாமல் தொடங்குகிறோம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் விலகி நாளையோடு ஒரு வருடம். வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் மொழியில் கதை சொல்லிப் பாடும் நம் கதை-பாட்டுக் கூடலை அடுத்த மாதம் மறுபடி தொடங்குகிறோம், கீபோர்டு இல்லாமல். யார் வாயிலாகவோ உங்கள் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கீபோர்டு வாசித்த அன்று ஓர் அம்மா பாடிய தாலாட்டு ராஸ்த் மகாமில் அமைந்தது; மகாம் என்பது அரபு இசையில் நம் ராகம் போன்றது. அதன் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், நம் கர்நாடக இசையில் ‘க’வின் வகைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். வழக்கமான கீபோர்டில் அதற்குக் கட்டையே கிடையாது. நீங்கள் அந்தர காந்தாரத்தை அழுத்திப் பிடித்தீர்கள். அந்த அம்மா இரண்டு முறை தன் சுரத்தை உங்கள் சுரம் வரை ஏற்றிப் பார்த்தார், பிறகு வாயை மூடிக்கொண்டார். அவருக்குச் சுருதி சேரவில்லை என்றே அறை நினைத்திருக்கும். சேராதது கருவி. அவரை முதலில் தனியாக இரண்டு வரி பாடவிட்டு, அவர் எடுத்த சுருதியில் தம்பூரா செயலியை வைத்திருந்தால் போதும். சட்ஜமும் பஞ்சமமும் ஒலித்தால் காந்தாரத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

வாசிக்கச் சொன்னது நான். மன்னியுங்கள். ஆனாலும் அண்ணா, எனக்கில்லாத காது உங்களுக்கு இருந்தது. இரண்டாம் முறை அவர் தடுமாறியபோதாவது கையை எடுத்திருக்கலாம்.

மொழிபெயர்ப்பில் சொதப்பியது நான் மட்டும்தான். பாட்டை வரிக்கு வரி பெயர்க்கவே கூடாது. சாரத்தை முன்னாலேயே நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டு முழுதாகப் பாடவிட வேண்டும். கதைக்குக் கணக்கு வேறு: சொல்ல 3 நிமிடம், இரண்டு மொழியில் பெயர்க்க 6. எட்டுப் பேருக்கே 72 நிமிடம் ஆகிவிடும், அதற்கு மேல் ஆள் சேர்ப்பதில்லை. பிள்ளைகளைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்க விடுவதும் இல்லை. மகன் காதில் விழக்கூடாததைத் தாய் விழுங்கிவிடுவாள்.

‘ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள்?’ என்ற கேள்வியையும் எடுத்துவிட்டோம். புகலிட விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கு அது விசாரணை. ‘உங்களுக்குப் பெயர் வைத்தது யார்?’ என்றால் பாட்டி வருவாள், ஊர் வரும், சண்டைகூட வரும். பதிவு செய்ய ஒரு சம்மதம், இணையத்தில் போடத் தனியாக இன்னொன்று. மனம் மாறினால் நீக்கிவிட வேண்டும். அன்றைய பதிவு பற்றி இங்கே பேச மாட்டேன், அந்த வீட்டாரும் இதைப் படிக்கலாம்.

என்னைப் பற்றி நீங்கள் பிறரிடம் சொன்னதையும் எழுதவில்லை. அதில் பாதி உண்மை.

மாசிடோனிய ஆட்டப்பாட்டு ஒன்று வரப்போகிறது. மூன்று-இரண்டு-இரண்டு என்று நடக்கும் ஏழு எண்ணிக்கைத் தாளம். நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய கை இங்கே யாருக்கும் இல்லை, நாலாக்கிக் கெடுத்துவிடுகிறார்கள். உங்கள் கஞ்சிரா அலமாரியில்தான் இருக்கிறது.