கயலுக்கு, ஆர்லாண்டோ கிளம்பும் முன்

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன். சின்னவள் அழுதுகொண்டிருந்தாள், உனக்கு மீட்டிங் வேறு. அதனால் எழுதியே அனுப்புகிறேன். குழந்தைகள் தூங்கிய பிறகு நிதானமாகப் படி. மாப்பிள்ளைக்கும் காட்டு.

டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே இருக்கும் அந்தப் பாலினேஷியன் ஹோட்டலில் தங்கலாமா, இல்லை வெளியே மலிவாக ஒரு ரூம் போட்டுக்கொண்டு பார்க்குக்கு மட்டும் போய் வரலாமா என்று கேட்டாய். அண்ணன் குடும்பத்தோடு நானும் அப்பாவும் அங்கே தங்கிவிட்டு வந்ததால் சொல்கிறேன். பார்க்குக்கே போகாமல் ஒரு முழு நாளை ஹோட்டலில் கழிக்க உங்களால் முடியும் என்றால் அங்கே தங்கு. விடிந்ததும் ஓடி, ராத்திரி வந்து படுக்க மட்டும்தான் என்றால் வேண்டாம். ஓர் இரவுக்கு 600, 700 டாலர் கொடுத்துவிட்டு அந்தத் தோட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமலே ஊர் திரும்புவதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

1971 அக்டோபர் 1 அன்று, டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டம் திறந்தபோது அதனுடனேயே திறந்த ஹோட்டல் இது. பசிபிக் தீவுகளின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். நடுவே சரிந்த கூரையோடு ஒரு பெரிய மண்டபம். செக்-இன், கடை, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். சுற்றிலும் மரம் செடிகளுக்கு நடுவே இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர். டோங்கா, சமோவா, பிஜி என்று போகும். அறைகளை வேறிடத்தில் பெட்டி பெட்டியாகச் செய்து, கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது யு.எஸ். ஸ்டீல் கம்பெனி. அப்பாவை உனக்குத் தெரியுமே, பி.டபிள்யூ.டி.யில் முப்பது வருஷம் இருந்த மனுஷர், இதைக் கேட்டதும் இணைப்பு எங்கே இருக்கிறது என்று சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஹோட்டலுக்கு எதிரே இருக்கும் ஏரிகூட வெட்டிய ஏரிதான். அந்த மண்ணைக் கொட்டித்தான் மேஜிக் கிங்டத்தின் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். அங்கே நாம் நடக்கும் தெரு உண்மையில் மேல்தளம். கீழே ஊழியர்கள் போய்வர வழிகள் ஓடுகின்றன. இதைப் பெரியவனிடம் முன்கூட்டியே சொல்லி வை, வாயைப் பிளப்பான்.

இனி அத்தை, அதாவது உன் மாமியார் விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். முழங்கால் வலியோடு அவர்களை அழைத்துக்கொண்டு போகிறாய். வெளியே தங்கினால் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மோனோரயிலோ (ஒற்றைத் தண்டவாள ரயில்) படகோ பிடித்து, அப்புறம்தான் மேஜிக் கிங்டம் வாசலுக்கே போக முடியும். இங்கே மண்டபத்தின் மாடியிலேயே மோனோரயில் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் முதலில் கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டல், அதற்கடுத்த நிறுத்தம் மேஜிக் கிங்டம். வீல்சேரை அப்படியே உள்ளே உருட்டிக்கொண்டு போகலாம். வெயிலில் அவர்களுக்கு முடியவில்லை என்றால் ஒருவர் மட்டும் கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்துவிடலாம், மற்றவர்கள் பாட்டுக்குச் சுற்றலாம். தன்னால் எல்லோருடைய நாளும் கெட்டுவிட்டதே என்று அவர்கள் ஒரு நிமிஷம்கூட நினைக்கக்கூடாது, கயல். எங்கள் வயதில் அது பெரிய பாரம். அறை கேட்கும்போதே மண்டபத்துக்குப் பக்கத்துக் கட்டடம் வேண்டும் என்று எழுதிவிடு. கோடியில் கிடைத்துவிட்டால் நடை அதிகம்.

எப்காட் என்ற இன்னொரு பார்க்குக்குப் போகப் பக்கத்து நிலையம்வரை கொஞ்சம் நடந்து வேறு மோனோரயில் மாற வேண்டும். மற்ற இரண்டு பார்க்குகளுக்கும் பஸ். ஹோட்டலில் தங்குபவர்களை எல்லாப் பார்க்கிலும் தினமும் அரை மணி முன்னதாக விடுகிறார்கள், அதை விட்டுவிடாதே. ஏர்போர்ட்டிலிருந்து முன்பு இலவசமாக பஸ் விட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

மாப்பிள்ளை எக்ஸெல்லில் போட்ட திட்டத்தைப் பார்த்தேன். நல்ல உழைப்பு, எந்த ரைடுக்கு எத்தனை மணிக்கு என்றுகூடக் குறித்திருக்கிறார். அவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்றாவது நாளை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்.

நாங்கள் அப்படி ஒரு நாள் விட்டோம். அன்று காலை ஏரிக்கரை மணலில் அண்ணி ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் குட்டி காலடியில் உட்கார்ந்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக மணலால் மூடினாள். மூடியதும் அந்த விரலுக்கு ஒரு குட்நைட். பத்து விரலும் தூங்கியானதும் அண்ணி மெல்லக் காலை அசைப்பாள், மணல் உதிரும், இவள் கீச்சென்று கத்திவிட்டு மறுபடி சுண்டுவிரலிலிருந்து தொடங்குவாள். இதுவே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் போன் அறையில் சார்ஜில் கிடந்தது. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டே இருப்பவள் அவள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. லேப்டாப்பை எப்போது மூடுவாய் என்று பெரியவன் கேட்டதைப் போன மாதம் நீயே சொல்லி வருத்தப்பட்டாய். பார்க்கில் இருக்கும்போது நீ குழந்தைகளோடு இருந்தாலும் கண் கடிகாரத்திலும் ஆப்பிலும்தான் இருக்கும். வரிசை, வெயில், யாருக்குப் பசி, யாருக்கு பாத்ரூம் என்றே பொழுது போய்விடும். அது தப்பு என்று சொல்லவில்லை, அங்கே அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் டொராண்டோவிலிருந்து அவ்வளவு தூரம் வருகிறாய். ஒரு நாளாவது நீ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, குழந்தைகள் உன்னைத் தேடி வர வேண்டும். எனக்கு அது வேண்டும், உனக்காக.

ஆகஸ்டில் போவதால் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கே மெக்ஸிகோ வளைகுடா, கிழக்கே அட்லாண்டிக். இரண்டு பக்கத்துக் கடற்காற்றும் நடுவில் வந்து முட்டிக்கொள்வதால் கோடையில் பல நாள் பிற்பகல் இடியும் மின்னலுமாகக் கொட்டும். மின்னல் கிட்டே வந்துவிட்டால் நீச்சல் குளத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அதனால் குளத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். எரிமலை மாதிரி கட்டி அதற்குள்ளிருந்து சறுக்கு விட்டிருக்கிறார்கள், பெரியவன் அதை விட்டு வரமாட்டான். சின்னவளுக்குக் கடற்கரை போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும் பக்கம் இருக்கிறது. மழை நேரத்தில் எல்லோரும் படுத்துத் தூங்குங்கள். அறையில் இரண்டு பெரிய கட்டிலும் ஒரு சின்ன படுக்கையும் உண்டு, ஐந்து பேருக்குச் சரியாக இருக்கும்.

ஏரியில் மட்டும் யாரும் கால் நனைக்கக்கூடாது. மணலைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். ஃப்ளோரிடாவில் எந்த நன்னீரிலும் முதலை இருக்கலாம். 2016-இல் இதே ஏரியின் கரையில் ஒரு குழந்தை முதலையிடம் பறிபோனது. அதன் பிறகு கரை நெடுகப் பாறையும் தடுப்பும் போட்டு அறிவிப்பும் வைத்திருக்கிறார்கள். சின்னவள் ஓட்டக்காரி. கையை விடாதே.

சாப்பாட்டுக்கு அத்தை கஷ்டப்பட வேண்டியதில்லை. சைவம் என்று புக் பண்ணும்போதே சொல்லிவிட்டால் தனியாகச் செய்து தருகிறார்கள். டோங்கா டோஸ்ட் என்று ஒன்று, தடித்த ரொட்டிக்குள் வாழைப்பழத்தை அடைத்துப் பொரித்து, பட்டையும் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம். முட்டை சேர்ப்பார்களா என்று அத்தைக்காக ஒருதரம் கேட்டுக்கொள். அன்னாசியில் டோல் விப் என்று ஐஸ்கிரீம் மாதிரி ஒன்று உண்டு, அதில் பால்கூடக் கிடையாது. பார்க்குக்குள் நம் சாப்பாட்டை எடுத்துப் போகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. புளிக்காய்ச்சல் கொண்டு போ. முதல் நாள் ராத்திரி எல்லோரும் அதைத்தான் தேடுவீர்கள்.

பிஜி என்று பெயர் போட்ட கட்டடத்தைத் தாண்டும்போது அண்ணன் மகன் அது எங்கே இருக்கிறது என்று கேட்டான். மைதானத்துப் புல்லில் உட்கார வைத்துச் சொன்னேன். நம் ஊர்க்காரர்களை 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனது. முடிந்த பிறகும் பலர் திரும்பவே இல்லை. இன்றைக்கும் நாடி என்ற ஊரில் அவர்கள் வளர்த்த முருகன் கோயில் இருக்கிறது. அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர்களுக்கும் இப்படி வீடு கொடுத்தார்களா என்று கேட்டான். இல்லை, நீளமான கொட்டகையில் தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகள் என்றேன். நீயும் சொல்லு. விளையாட்டாகக் கட்டிய தீவுதான், தென்னை மாதிரி தெரிவதில் பலதும் தென்னை இல்லை என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார், அந்த ஊர்க் குளிருக்குத் தென்னை சரியாக வராது. ஆனால் பெயர்கள் நிஜமானவை. அந்தப் பெயர்களுக்குள் நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்பது குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி. பீட்டில்ஸ் இசைக்குழு பிரிவதற்கான பத்திரத்தில் ஜான் லெனன் கையெழுத்துப் போட்டது இந்த ஹோட்டலில் வைத்துத்தான், 1974 டிசம்பர் 29 அன்று. மாப்பிள்ளை சந்தோஷப்படுவார் என்று எழுதுகிறேன்.

ராத்திரி வாணவேடிக்கைக்குப் பார்க் கூட்டத்தில் அத்தையை நிறுத்தி வைக்காதே. ஹோட்டல் மணலில் உட்கார்ந்தாலே ஏரிக்கு அந்தப் பக்கம் மேஜிக் கிங்டம் கோட்டையின் மேல் வெடிப்பது தெரியும், பாட்டையும் ஸ்பீக்கரில் விடுவார்கள். விளக்கால் செய்த கடல் பிராணிகளைத் தெப்பங்களில் வரிசையாக விடுவதும் உண்டு, 1971 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் அது.

பணம் இடித்தால் வருத்தப்பட வேண்டாம். அங்கேயே கரீபியன் பீச் என்று 1988-இல் திறந்த இன்னொரு ஹோட்டல், இதைவிட நன்றாகவே குறைவு. அங்கிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்குக்கும் ரோப் கார் போகிறது. மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் பஸ். அத்தையை நினைத்தால் எனக்கு முதலாவதுதான். ஆனால் எங்கே தங்கினாலும் அந்தக் காலி நாள் இருக்கட்டும். ஒரு பார்க்கைக் குறைத்தாலும் பரவாயில்லை.

அப்பா ஒரு தொகை தனியாக எடுத்து வைத்திருக்கிறார், பேரன் பேத்திக்கு என்று. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள். தேதி முடிவானதும் அண்ணனிடம் சொல், அறை விலையை அவன் ஒருதரம் பார்க்கிறேன் என்றான். சம்பந்தியம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். முழங்காலுக்குப் போடும் அந்தப் பட்டையை மறக்காமல் கைப்பையிலேயே வைக்கச் சொல், பெரிய பெட்டியில் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா