மூன்று வாரமாக நான் ஏன் முகம் காட்டவில்லை

லண்டன்
24.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

போனில் முகத்தைக் காட்டு என்று மூன்று வாரமாகக் கேட்கிறாய். முதல் வாரம் கேமரா பழுது என்றேன். அடுத்த வாரம் இணையம் சரியில்லை என்றேன். போன வாரம் வெளிச்சம் போதவில்லை என்றேன். மூன்றும் பொய். நான் இளைத்துப் போய்விட்டேனோ, ஆஸ்பத்திரியில் ஏதாவது தொற்றிக்கொண்டதோ என்று நீ அண்ணியிடம் புலம்பியதாக அவள் மகள் மலர் சொன்னாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை அம்மா. என் தலைமுடி பச்சையாகிவிட்டது. அவ்வளவுதான்.

முழுப் பச்சையும் இல்லை. உச்சியில் கத்தரிப்பூ நிறம், நடுவில் ஆரஞ்சு, நுனியில் பாசி பிடித்த கிணற்றுப் படிக்கட்டு. ஆடி மாதம் நம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை ஊர்வலம் நடக்கும்போது என்னையும் ஒரு வண்டியில் ஏற்றியிருக்கலாம். வேறு அலங்காரமே தேவைப்பட்டிருக்காது. போனில் காட்டினால் மலர் அதைப் படமெடுத்து சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவாள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். நீ படித்துவிட்டுப் பிறகு அவளிடம் கொடு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். 2022 ஜூலையில் விமானம் ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு நீ எனக்குக் கடைசியாகத் தலைக்கு மருதாணி போட்டாய். தேயிலை டிகாக்‌ஷனில் குழைத்து இரவெல்லாம் இரும்பு வாணலியில் ஊறவைத்தாய். மறுநாள் அதைத் தலையில் பூசி அலசிவிட்டு, நீலச் சாயம் ஏற்றும் அவுரி இலைப் பொடியைக் கரைத்து அப்பினாய். முப்பது வயதில் எனக்கு நரை தொடங்கியதிலிருந்து மாதம் தவறாமல் இது நடந்தது. இங்கே வந்தபின் யார் செய்வது? ஒரு ஷிஃப்ட் பன்னிரண்டரை மணி நேரம். விடுமுறை நாளில் துணி துவைத்து, ஈஸ்ட் ஹாம் போய் முருங்கைக்காயும் புளியும் வாங்கி வந்தால் பொழுது போய்விடும். நவம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. அதன்பின் தலையில் ஈரச் சேற்றை அப்பிக்கொண்டு உட்கார எவளுக்குத் துணிவு வரும்?

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும். இரண்டேகால் வருடத்தில் மேலே ஒன்றரைச் சாண் வெள்ளி இறங்கியிருந்தது. கீழே ஒரு சாண் உன் அவுரிக் கறுப்பு அப்படியே நின்றது. எனக்கே கண்ணாடியில் பார்க்கக் கூச்சம். ஆனால் வார்டில் ஒரு வயதான அம்மாள் என் பின்னலைப் பிடித்துப் பார்த்து, எந்தக் கடையில் இப்படிச் செய்தார்கள், எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். இந்த ஊரில் நரையைக் காசு கொடுத்து வரவழைத்துக்கொள்ளும் இளம்பெண்கள் இருக்கிறார்கள் அம்மா. நாம் காசு கொடுத்து மறைத்தோம்.

மலர் கல்யாணத்துக்கு இரண்டு நிறத் தலையோடு வருவானேன், கறுப்பை எடுத்துவிட்டு முழு வெள்ளியாக வரலாம் என்று எனக்கு ஆசை. இன்னொரு காரணமும் இருந்தது. லண்டன் தண்ணீர் நம் வீட்டு போர் தண்ணீர் மாதிரியே சுண்ணாம்புத் தண்ணீர். வாரம் ஒருமுறை கெட்டிலின் அடியைச் சுரண்ட வேண்டியிருக்கிறது. அது பட்டுப் பட்டு வெள்ளை முடியில் மெல்லிய மஞ்சள் ஏறியிருந்தது. (மேட்டூர் தண்ணீர் வரும் நாளில்தான் தலை குளிக்க வேண்டும் என்று நீ சொன்னதை அப்போது கிண்டல் செய்தேன். இப்போது செய்யமாட்டேன்.)

எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு சலூன். இங்கே சலூன் என்றால் ஆண்களுக்கு மட்டும் இல்லை, பெண்களும் போவார்கள். சாயம் போடுவதென்றால் இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொல்லிக் காதின் பின்னால் ஒரு பொட்டு மருந்து தடவி, அரிக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல வழக்கம். அன்று நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், மலர் மாதிரி துறுதுறுவென்று, என்னிடம் கேட்டாள்: கடந்த சில வருடங்களில் முடிக்குக் கலர் செய்ததுண்டா?

நான் சொன்னேன்: இல்லை, ஒருபோதும் இல்லை.

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கலர் என்றால் டப்பாவில் வருவது, அண்ணன் பூசிக்கொள்வது. நீ அரைத்துப் போட்டது இலை. இலையை யார் கலர் என்பார்கள்? சாயப்பட்டறைக்காரர் மகள் இதைச் சொல்கிறேன் பார், அப்பா இருந்திருந்தால் செருப்பைத் தேடியிருப்பார். ஊரார் பழைய பட்டுப் புடவையைச் சாயம் மாற்றக் கொண்டு வரும்போது அவர் முதலில் என்ன கேட்பார்? இதில் முன்னால் என்ன சாயம் ஏறியிருக்கிறது என்றுதானே. அது தெரியாமல் தொட்டியில் இறக்கவே மாட்டார்.

நான் இல்லை என்றதும் அந்தப் பெண் கீழே இருந்த கறுப்பை என் சொந்தக் கறுப்பு என்று நம்பிவிட்டாள். அதன் மேல் பிளீச் பூசித் தகட்டுத் தாளில் சுற்றினாள். சொந்தக் கறுப்பாக இருந்தால் பிளீச் பட்டதும் சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சளாக வெளுத்திருக்கும். அவுரி அப்படி இல்லை. நீலச் சாயம் பாதி போய்ப் பாதி நின்று, அடியில் இருந்த மஞ்சளோடு கலந்து பச்சையாகத் தெரிந்தது. மருதாணியும் முடியைக் கெட்டியாகப் பிடித்திருப்பது. அவுரி குறைவாக இருந்த இடத்தில் அது ஆரஞ்சாக வெளியே வந்தது. அவள் முகம் வெளுத்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். என் தலையைப் பிறகு பார்த்தேன்.

உச்சிக் கதை வேறு. அது முழுக்க அவள் தவறு. மஞ்சளை எடுக்க டோனர் என்று ஒன்றைப் பூசினாள். இதை உனக்கு நான் விளக்கவே வேண்டாம், அப்பாவின் வெள்ளை வேட்டிக்கு நீ போடும் சொட்டு நீலம்தான் அது. மஞ்சளை நீலமும் ஊதாவும் அடக்கும். ஆனால் அடக்குவதற்கு மஞ்சள் இருக்க வேண்டும் அல்லவா? நரைத்த முடியில் சொந்த நிறம் எதுவுமே இல்லை; வெறும் வெள்ளைத் துணி. என் தலையில் இருந்த மஞ்சளோ கொஞ்சம். அவள் பூசியதோ கனமான டோனர். மேலும் கீழே பச்சையைப் பார்த்துப் பதறியதில் உச்சியை மறந்து நேரத்தைத் தாண்டவிட்டாள். ஒரு தீபாவளிக்கு நீ பேச்சு சுவாரசியத்தில் நீலத்தைக் கூடுதலாகக் கவிழ்த்து, அப்பா வானக் கலர் வேட்டியோடு கோவிலுக்குப் போனாரே, அதே கதைதான்.

அவள் அழுதுவிட்டாள். கடைக்காரி ஓடி வந்து, கவலைப்படாதீர்கள், மேலே கரும்பழுப்பு ஒன்று போட்டால் எல்லாம் மறைந்துவிடும், பணம் வேண்டாம் என்றாள். அந்த இடத்தில்தான் எனக்குப் பட்டறைப் புத்தி வந்தது. சாயத்தின் மேல் சாயம் போட்டால் கருக்கும், வெளுக்காது. கரும்பழுப்பு போட்டால் இரண்டு வருடம் பொறுத்து வளர்த்த வெள்ளி அத்தனையும் போய்விடும். அதை எடுக்க மறுபடியும் பிளீச். வேண்டாம், அலசி மட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டு, கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். குளிர்நாடு என்பதில் இந்த ஒரு வசதி உண்டு, தொப்பியை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்காதான் மறுநாள் விஷயம் சொன்னார். இங்கே 2015இல் வந்த நுகர்வோர் சட்டப்படி, கூலிக்குச் செய்த வேலை உரிய கவனத்தோடு செய்யப்படவில்லை என்றால் மறுபடியும் செய்து தரும்படி கேட்கலாம், இல்லையேல் பணத்தைக் குறைக்கச் சொல்லலாம். கடைக்காரி சண்டையே போடவில்லை. கொடுத்த 180ஐயும் திருப்பிவிட்டாள். பவுண்டு அம்மா, நகைப் பவுன் இல்லை, நெஞ்சைப் பிடிக்காதே. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கீழ்ப்பாதிக்கு நானும்தானே காரணம்.

அடுத்து அக்கா சொன்ன இன்னொரு பெண்மணியிடம் போனேன். ஐம்பதைத் தாண்டியவர், அவருக்கும் முழு வெள்ளைத் தலை. தலையைத் தொடுவதற்கு முன் கால் மணி நேரம் கேள்விதான். இலை, பொடி, எண்ணெய், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றார். அப்போதுதான் அவுரி வெளியே வந்தது. நுனியில் ஒரு கற்றையை வெட்டி, பிளீச்சில் கலக்கும் பெராக்சைடில் சில துளி அமோனியா விட்டு அரை மணி ஊறவைத்தார். சில மலிவுப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்குமாம். அதன் மேல் பிளீச் பட்டால் முடி சூடேறிப் புகையும், கையோடு வரும். என் கற்றை சூடாகவில்லை. செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்காரர் உன்னை ஏமாற்றவில்லை, சுத்தமான இலையைத்தான் கொடுத்திருக்கிறார். அவரிடம் சொல், மகிழ்வார்.

பிறகு அவர் செய்தது மிகக் குறைவு. உச்சியில் எதையும் பூசவில்லை. அழுக்கு நீக்கும் ஷாம்பூவால், வெதுவெதுப்பான தண்ணீரில், ஒருநாள் விட்டு ஒருநாள் அலசுங்கள், தானாக இறங்கும் என்று அனுப்பிவிட்டார். நீலம் கூடிய வேட்டிக்கு நீயும் அதைத்தானே செய்தாய், நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினாய். இரண்டு வாரத்தில் கத்தரிப்பூ வெளிறிச் சாம்பலாயிற்று. போன வெள்ளிக்கிழமை வெள்ளி தெரிந்தது. முடி மட்டும் வைக்கோல் மாதிரி வறண்டது. ஈஸ்ட் ஹாமில் தேங்காய் எண்ணெய் வாங்கி இரவில் தடவி வைக்கிறேன்.

பச்சையை என்ன செய்வது என்று கேட்டேன். சிவப்புச் சாயம் ஏற்றினால் பச்சை அடங்கிப் பழுப்பாகும், ஆனால் பிளீச் தின்ற முடி அதைப் பிடித்து வைக்காது, மாதாமாதம் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். என்னைக் கேட்டால் கத்தரிக்கோல்தான் என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. நீ எண்ணெய் தேய்த்து, சிடுக்கெடுத்து, ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் மடியில் உட்காரவைத்துப் பின்னி முடித்த முடி. சரி என்றேன். பச்சையும், ஆரஞ்சில் பெரும்பகுதியும் போயிற்று. மிச்சமிருந்த இரண்டு விரற்கடை ஆரஞ்சுக்கு மட்டும், வீரியம் மிகக் குறைந்த பெராக்சைடில் நீலம் சேர்ந்த சாயம் கொஞ்சம். இப்போது அந்த ஆரஞ்சு தெரியவே இல்லை.

அதனால் இப்போது என் முடி தோளைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது, முழுக்க வெள்ளை. முகம் அப்பா மாதிரியே இருக்கிறது. கண்ணாடியில் இரண்டு முறை திடுக்கிட்டேன்.

கல்யாணத்துக்கு எனக்காக அவுரி வாங்கி வைக்காதே. அண்ணி வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்கச் சொல். பெண் வீட்டு அத்தை இப்படியா வந்து நிற்பாள் என்று சம்பந்தி வீட்டில் யாராவது கேட்டால், லண்டனில் இதுதான் நாகரிகம் என்று ஒரு போடு போடு. கொண்டை போட நீளம் போதும். பூ வைக்க இடம் இருக்கிறது.

அண்ணனிடம் ஒன்று சொல். அவன் பூசும் கறுப்புப் பொடியில் மருதாணி என்று எழுதியிருந்தாலும், பாக்கெட்டிலேயே கறுப்பாக இருந்தால் அது வெறும் இலை இல்லை. இலைப் பொடி பச்சையாகத்தான் இருக்கும். நெற்றி ஓரம் அரிக்கிறது, தடிக்கிறது என்று ஆடியில் சொன்னானே, அது வெயிலால் இல்லை. பெரும்பாலும் பாரா பினைலீன் டயமீன் என்ற மருந்தின் வேலையாக இருக்கும். நர்ஸ் தங்கை சொல்கிறாள் என்று சொல். கல்யாணத்துக்கு முந்தைய நாள் அவசரமாகப் பூசி முகம் வீங்கி மணமேடையில் உட்கார வேண்டாம்.

எனக்கு அரைப்படி சீயக்காய் அரைத்து வை, வெந்தயம் சேர்த்து. வரும்போது எடுத்துக்கொள்கிறேன். தட்டுவடை செட் சாப்பிட்டு இரண்டு வருடமாகிறது. அதை நீ அரைக்க வேண்டாம், கடைக்கே போய்க்கொள்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு, உங்களுக்கு மதியம் இரண்டரை மணிக்கு அழைக்கிறேன். எனக்கு அப்போது காலை ஒன்பது, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்திருப்பேன். கேமராவைப் போடுகிறேன். மலரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. முதலில் நீ பார்.

அன்புடன்,
உன் மகள்
செல்வி

பி.கு.: வெட்டிய முடியில் பச்சை படாத ஒரு விரல் நீளக் கற்றையை எடுத்து வைத்திருக்கிறேன். உன் அவுரி அதில் அப்படியே கறுப்பாக இருக்கிறது.