அண்ணன் வீடு திரும்பிவிட்டார்

அன்புள்ள சேது,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டப்போகிறாய், திட்டிக்கொள். இங்கே அண்ணனைத் தவிர எல்லோரும் சுகம். அவருக்கு பைபாஸ் நடந்தது. பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டார். காபியில் சர்க்கரை இல்லை என்று அண்ணியிடம் சண்டை போடும் அளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது.

மூன்று அடைப்பு. 1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் செரியன் பைபாஸ் செய்த காலத்திலிருந்து நம் ஊருக்கு இது பழகிய விஷயம்தான். ஆனால் சி.டி. ஸ்கேன் எங்கள் வயிற்றைக் கலக்கிவிட்டது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான அயோர்ட்டா முழுக்கச் சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடக்கிறதாம். வழக்கமாகக் காலிலிருந்து சிரையை எடுத்து, ஒரு முனையை அயோர்ட்டாவிலும் மறு முனையை அடைப்புக்கு அப்பாலும் தைப்பார்கள். அதற்கு அயோர்ட்டாவைக் கவ்வி போட்டுப் பிடிக்க வேண்டும். இவருக்குப் பிடித்தால் சுண்ணாம்பு உடைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அன்றிரவு யாரும் தூங்கவில்லை.

டாக்டர் செய்த வேலையைக் கேள். அயோர்ட்டாவைத் தொடவே இல்லை! இதயத்தை நிறுத்தவும் இல்லை, இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் மெஷினில் போடவும் இல்லை, துடிக்கத் துடிக்கவே தையல். இடது மார்புத் தமனிக்குக் கைக்குப் போகும் குழாயிலிருந்து ஏற்கெனவே ரத்தம் வருகிறது. அதன் நுனியை முன்பக்க அடைப்புக்கு அப்பால் தைத்துவிட்டு, நடுவில் கால் சிரையைக் கிளையாக ஒட்டி மற்ற இரண்டுக்கும் கொண்டுபோய்விட்டார். நீ மாடிக்குத் தண்ணீர் இழுத்தாயே, அதே வேலை, ஆனால் ஒழுகவில்லை. வலது மார்புத் தமனியையும் எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். சர்க்கரைக்காரருக்கு இரண்டையும் எடுத்தால் நெஞ்செலும்பு ஆறுவது கஷ்டமாம்.

சிரையை உரித்தெடுக்காமல் சுற்றியுள்ள கொழுப்போடு எடுத்தார்களாம். ஸ்வீடனில் ஓரெப்ரோ நகரத்து டாக்டர் சோசா கொண்டுவந்த முறை. அப்படி எடுத்தால் சிரை நெடுநாள் அடைக்காது என்கிறார்கள். சாதாரணமாக எடுத்த சிரையில் ஏறக்குறைய பாதி, பத்து வருஷத்தில் அடைத்துக்கொள்கிறது, மார்புத் தமனி அப்படியில்லை. ஆனால் இந்த முறையில் கால் புண் ஆறத் தாமதமாகும். நெஞ்சைப் பற்றி அண்ணன் வாயே திறப்பதில்லை, நாள் முழுக்கக் கால் புராணம்தான்.

ஒரே கவலைதான் எனக்கு. மூன்று வழியும் அந்த ஒரு தமனியை நம்பி நிற்கிறது. அதற்கு ஏதாவது ஆனால்? “பக்கவாதத்தைவிட இது தேவலை” என்றார் டாக்டர். சரிதான், ஆனாலும் ராத்திரியில் மனசு கேட்பதில்லை.

நீயும் அவரும் வகுப்பைக் கட் அடித்து ஒரே சிகரெட்டைப் பகிர்ந்து ஆரம்பித்தவர்கள். அவர் விட்டுவிட்டார். உன் சர்க்கரை அளவு என்ன? ஒழுங்காகப் பதில் எழுது, வாத்தியார் கதை சொல்லி மழுப்பாதே. அப்புறம் ஒருநாள் வந்து அவரோடு கேரம் ஆடு, எங்களால் தாங்க முடியவில்லை. சிகரெட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வா.

உன்,
ராமு