ஆண்டறிக்கை: சுப்ரீம்ஸ் குழுவின் 12 முதலிடப் பாடல்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது இசைத்தட்டு ரசிகர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பற்றிய அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தையும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உருவான சுப்ரீம்ஸ் என்ற பாடகியர் குழுவுக்கே ஒதுக்கினோம். 1964 முதல் 1969 வரை அமெரிக்காவின் வாராந்தரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அக்குழுவின் 12 பாடல்கள் முதலிடம் பிடித்தன. ஆகவே மாதத்துக்கு ஒரு பாடல் என்று வகுத்துக்கொள்வதில் செயற்குழுவுக்குச் சிரமம் ஏதும் இருக்கவில்லை.

முதல் கூட்டத்தில் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ ஒலித்தது. டயானா ராஸ், மேரி வில்சன், ஃபுளோரன்ஸ் பல்லார்ட் ஆகியோர் 1959இல் பிரைமெட்ஸ் என்ற பெயரில் பாடத் தொடங்கி, 1961இல் பெர்ரி கோர்டியின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். மூன்றாண்டுக் காலம் பெரிய வெற்றி எதுவும் வராததால், அந்நிறுவனத்துக்குள்ளேயே ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’ என்று கேலிக்கு ஆளானவர்கள். அதே நிறுவனத்தின் மார்வெலெட்ஸ் குழு வேண்டாம் என்று ஒதுக்கிய இந்தப் பாடல்தான் இவர்களுக்கு வந்தது. இவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. பாட்டின் தொடக்கத்தில் பலகையைக் காலால் மிதித்து எழுப்பிய தாள ஓசை உறுப்பினர்களை வெகுவாகக் கவர்ந்ததால், ஊசியை மூன்று முறை தொடக்கத்துக்கே கொண்டுவைக்க நேர்ந்தது.

‘பேபி லவ்’, ‘கம் சீ அபவுட் மீ’, ‘ஸ்டாப்! இன் த நேம் ஆஃப் லவ்’, ‘பேக் இன் மை ஆர்ம்ஸ் அகெய்ன்’ என்று அடுத்தடுத்து வந்தவையும் முதலிடம் பெற, தொடர்ச்சியாக ஐந்து வெற்றிகள் ஆயின. ஆறாவதாக வந்த ‘நத்திங் பட் ஹார்ட்ஏக்ஸ்’ 11ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடம் பெறும் பாடல்களைத் தவிர வேறெதையும் இக்குழுவின் பெயரில் வெளியிடக் கூடாது என்று கோர்டி சுற்றறிக்கை விட்டதும் அக்காலத்தில்தான். சுற்றறிக்கைகள் எழுதி எழுதிக் கை சலித்த செயலாளர் என்ற வகையில், அதற்குப் பின் ‘ஐ ஹியர் எ சிம்ஃபனி’ வந்து முதலிடத்தையும் பிடித்ததை நான் சற்றுப் பொறாமையோடுதான் பதிவு செய்கிறேன்.

ஏழாம் மாதக் கூட்டம் பற்றி ஒரு வார்த்தை. ‘யூ கான்ட் ஹரி லவ்’ பாடலைத் தாங்குவதே ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். நமது பழைய ஒலிபெருக்கியில் அது ஏறக்குறையக் கேட்கவே இல்லை. உறுப்பினர் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து தந்த பிறகுதான், அதுவரை ஆறு மாதங்களாக நாம் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது விளங்கியது. ஜேமர்சனும் அவருடன் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற மோட்டவுன் வாத்தியக் குழுவினரும் டெட்ராய்ட்டின் மேற்கு கிராண்ட் புலவார்டு சாலையில் 2648 எண் கொண்ட வீட்டில் இயங்கிய மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இத்தகைய பாடல்களை வாசித்தபோது, தட்டின் உறையில் அவர்கள் பெயர் அச்சாகவில்லை. 12 பாடல்களில் முதல் பத்தையும் ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணி எழுதியது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புதிய ஒலிபெருக்கிக்கான கோரிக்கை தனித் தீர்மானமாக வைக்கப்பட்டுள்ளது.

‘யூ கீப் மீ ஹேங்கின் ஆன்’ பாடலின், தந்தியடிப்பது போன்ற கிட்டார் ஒலியோடு எட்டாம் கூட்டமும், அடுத்த இரண்டும் அமைதியாக நடந்தன. கடைசி இரு கூட்டங்களில் மட்டும் வாக்குவாதம் மூண்டது. 1967இல் பல்லார்ட் நீக்கப்பட்டு, சிண்டி பேர்ட்சாங் சேர்க்கப்பட்டார். குழுவின் பெயரும் ‘டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்’ என மாறியது. 1968இல் பீட்டில்ஸ் குழுவின் ‘ஹே ஜூட்’ பாடலை முதலிடத்திலிருந்து இறக்கிய ‘லவ் சைல்ட்’ தட்டில், பின்குரல் கொடுத்தவர்கள் வில்சனோ பேர்ட்சாங்கோ அல்லர், மோட்டவுனின் பின்னணிப் பாடகியரான ஆண்டான்டஸ் குழுவினர். ராஸின் முதல் தனிப்பாடலாகத் திட்டமிடப்பட்டு, பின்னர் குழுவின் பெயரில் வெளியான ‘சம்டே வீ வில் பி டுகெதர்’ பாடலிலும் அவ்விருவரும் பாடவில்லை. பாடாத பாட்டைச் சுப்ரீம்ஸ் கணக்கில் எழுதலாமா என்று சிலர் கேட்டனர்; தட்டில் அச்சிட்ட பெயரே கணக்கு என்றனர் மற்றவர்கள். வாக்கெடுப்பில் 12 என்ற எண்ணிக்கையே நிலைத்தது. என் வாக்கு பத்துக்கே என்பதைக் குறிப்பேட்டில் பதியச் செய்துள்ளேன்.

1976இல், 32 வயதிலேயே மறைந்த பல்லார்டுக்குப் பத்தாம் கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். அவர் முன்குரல் பாடிய 1961ஆம் ஆண்டின் ‘பட்டர்டு பாப்கார்ன்’ பட்டியலின் உச்சிக்கு வராத பாடல். வரும் ஆண்டின் முதல் கூட்டத்தை அதிலிருந்து தொடங்கி, ராஸுக்குப் பின் குழுவில் முன்குரல் பாடிய ஜீன் டெரெலின் ‘ஸ்டோன்ட் லவ்’ வரை செல்லலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையையும் அப்பரிந்துரையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்