எரேதியாவின் ஆசனமும் அளிக்கம்பையின் தேவையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜிப்சிகள் எனப்படும் ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், அச்சமூகத்திலிருந்து ஸ்பெயின் பாராளுமன்றத்துக்குச் சென்ற ஹுவான் தே தியோஸ் ராமிரெஸ் எரேதியாவின் பெயர் ஒரேயொரு வரியில் வந்து போயிற்று. எளிய குடியில் பிறந்து உயர்ந்தவர் என்பதோடு அவ்வரி முடிந்துவிட்டது. அவர் எந்த வழியால் உள்ளே போனார், போய் என்ன செய்தார் என்பவையே, வனக்குறவர் சமூகம் வாழும் அளிக்கம்பையைக் கொண்ட அம்பாறை மாவட்டத்து வாசகருக்குக் கூடுதலாகப் பயன்படும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

அவர் 1942இல் ஸ்பெயினின் தெற்கே, காதிஸ் விரிகுடாக் கரையிலுள்ள புவேர்த்தோ ரியாலில் பிறந்தவர். ரோமா மக்களுக்கு அந்த விரிகுடா கசப்பான இடம். 1749 ஜூலையில், மன்னர் ஆறாம் பெர்னாண்டோவின் ஆட்சியில், அவர்கள் நாடெங்கும் ஒரே வேளையில் சுற்றிவளைக்கப்பட்டு ஏறத்தாழ 9,000 பேர் கைதானார்கள். ஆண்களில் பலர் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்ட கடற்படைத் தளங்களுள் ஒன்றான லா கர்ராக்கா இதே விரிகுடாவில்தான் இருந்தது. பிறந்த மண்ணின் இந்தச் சரித்திரத்தை விட்டுவிட்டு அவரை வறுமையை வென்றவராக மட்டும் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆசிரியராகப் பயின்று பத்திரிகைத் துறைக்கும் வந்த எரேதியா, சர்வாதிகாரி பிராங்கோவின் மறைவுக்குப் பின் 1977 ஜூனில் நடந்த முதற் சுதந்திரத் தேர்தலில், பிரதமர் சுவாரெஸின் கட்சிப் பட்டியலில் நின்று வென்றார். அங்கு வாக்காளர் கட்சிப் பட்டியலுக்கே வாக்களிப்பார். வேட்பாளருக்கு விருப்பு வாக்கு இல்லை. சிதறி வாழும் சிறிய சமூகத்தைச் சேர்ந்தவர், பெரிய கட்சியொன்று பட்டியலில் வெல்லக்கூடிய இடத்தைத் தந்தால் மட்டுமே உள்ளே போகலாம். அந்த இடம் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஜூனில் அவர் சபையில் எழுந்து, ‘கார்தியா சிவில்’ எனப்படும் பொலிஸ் படையின் 1943ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் ரோமா மக்களைப் பற்றியிருந்த பிரிவுகளை நீக்கும்படி கோரினார். அவர்களைக் கண்ணும் கருத்துமாகக் கவனி, கையிலுள்ள பத்திரங்களைச் சோதி, எப்படிப் பிழைக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று விசாரி என்பதே அப்பிரிவுகள் இட்ட கட்டளை. குற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை; பிறப்பே போதும். அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. பின்னர் அவர் சோசலிசக் கட்சிக்கு மாறி, 1986 முதல் 1999 வரை ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் முதலாவது ரோமா உறுப்பினராக இருந்தார். கட்சி மாறியதைக் குறை சொல்வோர் உண்டு. நம் நாட்டில் இருந்துகொண்டு அதை நாம் பெரிதுபடுத்துவதற்கில்லை.

இனி நம் பக்கம் வருகிறேன். ஆலையடிவேம்புப் பிரதேசத்தின் அளிக்கம்பையில் வாழும் வனக்குறவர் சமூகத்தவர் ரோமா மக்கள் அல்லர். ரோமா மொழி வட இந்திய மொழிகளின் உறவு; அளிக்கம்பையில் வீட்டு மொழி தெலுங்கு, பள்ளிக்கூடத்து மொழி தமிழ். ஊர் ஊராகப் போகும் வாழ்க்கையை விட்டு நிலையாகக் குடியேறிய பின்னரும் மகுடியும் பாம்புப் பெட்டியுமாகத்தான் அயலவர் அவர்களை நினைக்கிறார்கள். சந்தையில் ஒருவரின் காசுப்பை காணாமற்போனால், கைரேகை பார்க்க வந்து ஓரமாகக் குந்தியிருக்கும் பெண்ணின் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்க்கிறார்கள். அவளும் ஒரு வார்த்தை பேசாமல், சிதறிய வெற்றிலையையும் சில்லறையையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறாள். ஸ்பெயினில் ஒழுங்குவிதியில் எழுதி வைத்திருந்ததை நாம் எழுதாமலே நடைமுறையில் வைத்திருக்கிறோம்.

திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டத்தில் விருப்பு வாக்கில் இச்சமூகத்தவர் ஒருவர் வெல்வது நடக்கக்கூடிய காரியமன்று. ஆனால் பிரதேச சபைகளில் 60 சதவீத உறுப்பினர் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினர் கட்சிப் பட்டியல்களிலிருந்தும் வரும் முறை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. எரேதியாவுக்குத் திறந்த கதவு இங்கே பூட்டிக் கிடக்கவில்லை; சாவி கட்சிச் செயலாளர்களின் கையில் இருக்கிறது. படித்த இளைஞரும் யுவதிகளும் அளிக்கம்பையில் உண்டு. வேட்புமனுவில் எண்ணிக்கையை நிரப்ப அவர்களில் ஒருவரின் பெயரைப் போட்டுவிட்டு, முடிவு வந்தபின் பட்டியல் ஆசனத்தை வேறொருவருக்குக் கொடுப்பது எந்த வகையிலும் பிரதிநிதித்துவம் ஆகாது.

ஆகவே, அடுத்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர், ஆலையடிவேம்புப் பிரதேச சபையில் போட்டியிடும் ஒவ்வொரு கட்சியிடமும் சுயேச்சைக் குழுவிடமும் அளிக்கம்பைக்குப் பட்டியல் ஆசனம் தருவீர்களா என்று தங்கள் செய்தியாளர் மூலம் கேட்டு, கிடைக்கும் பதில்களையும் பதில் தராதோரின் பெயர்களையும் அருகருகே பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அக்கரைப்பற்று.