வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கறுப்பியின் காலும் புதிய கட்டணமும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நுவரெலியாவில் எங்கள் பயணங்களில் பிள்ளைகளை ஏற்றுகிற போனிக் குதிரை கறுப்பிக்குக் கால் உடையவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்த கிழமையிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதைத்தான் கேட்கிறார்கள். மரக்கறி வாங்கப் போன இடத்திலும் கேட்டார்கள், கோணேசர் கோயில் வாசலிலும் கேட்டார்கள். நாற்பது வினாடி வீடியோ ஒன்று வட்சப்பில் சுற்றுகிறது. நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கத் தோட்டப் பாதையில் கறுப்பி பின்னங்கால் ஒன்றை மடக்கி, குளம்பின் நுனி மட்டும் நிலத்தில் பட, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கிறது. "திருகோணமலைக்காரர் நொண்டிக் குதிரையில் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், பட்டினி போடுகிறார்கள்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

எடுத்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. வாயில்லாச் சீவன் மேல் இரக்கப்பட்டுத்தான் எடுத்திருப்பார். ஆனால் குதிரை அப்படி நிற்பது நோவினால் அல்ல. அது இளைப்பாறுகிற விதமே அதுதான். குதிரை நின்றபடியே தூங்கக்கூடிய பிராணி. பின்னங்கால் ஒன்றின் முழங்காற் சில்லு தொடையெலும்பின் விளிம்பில் கொளுவிக்கொள்ளும். அந்தக் கால் தடி மாதிரி நிமிர்ந்து, தசைக்கு அதிக வேலை இல்லாமலே உடம்பைத் தாங்கும். அந்த நேரத்தில் மற்றப் பின்னங்கால் மடங்கி ஓய்வெடுக்கும். சிறிது நேரத்தில் காலை மாற்றிக்கொள்ளும். வீடியோ இன்னும் சில நிமிடம் ஓடியிருந்தால் அதையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

முன்னங்கால் என்றால் கதை வேறு. ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி வைத்துப் பாரத்தை அதில் போடாமல் நின்றால் அது நோவு. நடக்கும்போது தலையைப் பார்த்தாலும் தெரியும். நோகிற முன்னங்கால் நிலத்தில் படுகிறபோது தலை மேலே போகும். அப்படி ஒன்றைக் கண்டால் சேணத்தை இறக்கி மிருக வைத்தியரைக் கூப்பிடுகிற முதல் ஆள் நான்தான். வீடியோ வந்த அடுத்த நாளே வைத்தியரை வரவழைத்து நாலு காலையும் பார்க்கச் சொன்னேன். காலில் ஒன்றும் இல்லை. லாடம் ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை மாற்றவேண்டும், கறுப்பிக்கு அடித்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

பட்டினி என்று எழுதியதுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. கறுப்பி ஏறக்குறைய 300 கிலோ. அந்த எடைக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ அளவில் உலர்ந்த புல், அதற்கு மேல் தவிடும் ஊறவைத்த கொள்ளும், முப்பது லீற்றர் வரை தண்ணீர். இதைக் குதிரைக்காரரை நம்பி மட்டும் விடவில்லை. புல்லுக்கான பற்றுச்சீட்டு ஒவ்வொன்றும் இங்கே கோப்பில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கவேண்டும். அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது, ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகவும் கூடும். பாண், பிஸ்கட் கொடுக்கவேண்டாம் என்று நாங்கள் சத்தம் போடுவது அதனால்தான். சில பிள்ளைகள் முகம் வாடிப்போவது தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுகிற பாரத்திலும் கணக்கு உண்டு. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் வைக்கக்கூடாது, சேணமும் அதற்குள் அடங்கவேண்டும். வீடியோவில் கறுப்பியில் வந்த பிள்ளை 34 கிலோ. புறப்படுமுன் தராசில் ஏற்றி எழுதிய கொப்பி இருக்கிறது. அந்தத் தராசைக் கண்டு முகம் சுளித்தவர்களும், "சாமானா நாங்கள், நிறுத்துப் பார்க்க?" என்று கேட்டவர்களும் உண்டு. பெரிய குதிரை ஒதுக்கித் தரமுடியாமல் நல்ல வாடிக்கையாளர்களையே நடந்துவரச் சொல்லியிருக்கிறோம். அவர்களுக்கு மனவருத்தம் தந்துதான் குதிரையைக் காப்பாற்றினோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். வீடியோவின் கடைசியில், சேணத்தை இறுக்கிக் கட்டுகிற வயிற்றுவார் படுகிற இடத்தில் மயிர் உதிர்ந்த திட்டு ஒன்று தெரிகிறது. அது எங்கள் பிழை. முதல் நாள் மழையில் நனைந்த வாரைச் சேறு போகக் கழுவாமல் கட்டியிருக்கிறார்கள், அது உராய்ந்துவிட்டது. அன்றைக்கே கறுப்பியை வேலையிலிருந்து நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கிறேன். பழைய ஆள் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். இறக்கத்தில் "பின்னால சாயுங்க, கடிவாளத்தை இழுக்காதீங்க, அது வழியைப் பார்க்கட்டும்" என்று பக்கத்தில் நடந்துகொண்டே சொல்வாரே, அந்தக் கந்தப்பளைத் தம்பிதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அவர் குடியிருந்த தோட்ட லயன் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தது. உயிருக்குச் சேதமில்லை, ஆனால் திரும்பக் குடியிருக்க இடமில்லை. மார்கழியில் கட்டாருக்குப் போய்விட்டார். நான் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன், "வீடு கட்டணும்" என்றார். அதற்குமேல் என்ன சொல்வது? இப்போது அவரோடு நின்று பழகிய இரண்டு பொடியன்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், குதிரை அவர்களின் குரலுக்குக் கேட்கிறது. ஆனால் எட்டுப் பேர் கொண்ட குழுவைக் கொண்டுபோக இன்னும் அனுபவம் போதாது. அதனால் இந்தப் பருவத்தில் ஐந்து பேருக்கு மேல் ஏற்றமாட்டோம்.

ஐந்து பேரானாலும் வான் அதே வான்தான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று ஏறக்குறைய 260 கிலோமீற்றர் போகவேண்டும், டீசலும் அதேதான். புல், கொள்ளு, லாடம் எல்லாம் ஏறிவிட்டன. மூன்று நாள் பயணத்துக்கு ஆளுக்கு 38,500 ரூபாய் எடுத்துவந்தோம், இனி 46,000 ரூபாய். மாசி, பங்குனிக்கு முற்பணம் கட்டியவர்களுக்கும் இதே கட்டணம்தான். இரண்டாம் இரவு மேட்டுக் கூடாரத்துக்குப் பதிலாகக் கீழே விடுதியில் தங்குவோம். புயலுக்குப் பிறகு அந்தச் சரிவை நம்பமுடியாது.

நன்றி சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. அப்பா ஒரு வள்ளத்தோடு தொடங்கிய தொழில் இது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை புறாமலைத் தீவுக்கு வள்ளம் ஓடும். வாடைக்காற்று தொடங்கிக் கடல் குழம்பினால் வருமானம் இல்லை. அந்த மாதங்களைக் கடக்கத்தான் மலைக்குப் போனோம், தை முதல் சித்திரை வரை அங்கே வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கடல்மட்டத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாக் குளிரில் விடியற்காலை பற்கள் கிடுகிடுக்க நின்று, பீதுருதாலகால மலையில் வெயில் ஏறுவதைக் குதிரை முதுகிலிருந்து பார்க்கிற முகத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். 2022இல் எரிபொருள் வரிசையில் வான் நாட்கணக்கில் நின்றபோது முற்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் "வச்சிருங்கோ, பிறகு போவம்" என்றவர்கள் நீங்கள். போன மார்கழியில் மூதூரும் கிண்ணியாவும் வெள்ளத்தோடு போராடிக்கொண்டிருந்தபோதே, குதிரைக்காரர் குடும்பங்களுக்கென்று அரிசியும் போர்வையும் எங்கள் வானில் ஏற்றிவிட்டவர்களும் நீங்கள்தான். அந்த மூட்டைகளை இறக்கியபோது கறுப்பியைப் பராமரிக்கிற அம்மா அழுதுவிட்டார்.

வீடியோவைப் பார்த்துப் பயணத்தை நிறுத்த நினைப்பவர்கள் ஒரு தரம் கடைக்கு வாருங்கள். உட்துறைமுக வீதியில் பழைய இடந்தான். வைத்தியர் எழுதிய கடிதம், எடைக் கொப்பி எல்லாம் மேசையில் வைத்திருக்கிறேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்க்கலாம். அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் முற்பணத்தைக் கையோடு தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
திருகோணமலை

பி.கு.: கறுப்பியின் வயிற்றுப் பக்கத்தில் மயிர் முளைக்கத் தொடங்கிவிட்டது. மாசி நடுப்பகுதிக்கு முன் சேணம் போடமாட்டோம். பார்க்கப் போகிறவர்கள் கரட் கொண்டுபோங்கள், நீளவாக்கில் வெட்டி, உள்ளங்கையை விரித்து அதில் வைத்துக் கொடுங்கள்.