மேலே சூடேறினால் கீழே ஏன் குளிர்கிறது? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

வடதுருவத்துக்கு மேலே திடீரென்று 50 டிகிரி சூடேறிவிட்டது, அதனால் ஐரோப்பாவில் பனி கொட்டப்போகிறது என்கிறார்களே, இது என்ன கணக்கு என்று கேட்டிருந்தாய். முதலில் அந்த 50 டிகிரியைப் பார்ப்போம். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 70, 80 என்று கிடக்கும் காற்று சில நாட்களில் மைனஸ் 20, 30க்கு ஏறுகிறது, அவ்வளவுதான். ஏறிய பிறகும் அது உறைகுளிர்தான், ஆனால் தலைப்பில் இதைச் சொன்னால் யார் படிப்பார்கள்!

1952ல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற வானிலை ஆய்வாளர் பலூன் அளவீடுகளில் இதைக் கண்டுபிடித்தார். நடுக்குளிர்காலத்தில் துருவம் இருட்டில் கிடக்கிறது, எனவே சூரியன் இதற்குக் காரணமில்லை. அந்த உயரத்தில் துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக் காற்று குளிர்காலம் முழுக்க ஓடும். அதுதான் துருவச் சுழல். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் கிளப்பிவிடும் பிரம்மாண்டமான காற்றலைகள் மேலே ஏறி, அங்கே உடைந்து, அந்த ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கின்றன. வேகம் விழுந்ததும் துருவத்தின் மேலுள்ள காற்று கீழே இறங்குகிறது, இறங்க இறங்க அழுத்தம் கூடிச் சூடாகிறது, சைக்கிள் பம்பு சூடாகிற மாதிரி. சில நேரம் காற்று திசையே திரும்பிவிடும். வடதுருவத்தில் பத்தாண்டுக்குச் சராசரியாக ஆறு முறை இப்படி நடக்கிறது. தென்துருவப் பக்கம் அலை கிளப்ப அவ்வளவு மலையும் நிலமும் இல்லை, அதனால் அங்கே காற்று முழுசாகத் திரும்பியது 2002ல் ஒரே ஒரு தடவைதான்.

சரி, தரைக்கு எப்படி வருகிறது? சுழலின் பலவீனம் வாரக்கணக்கில் மெல்லக் கீழே இறங்கி, அட்லாண்டிக் மேலுள்ள ஜெட் காற்றை, அதாவது புயல்களை ஐரோப்பாவுக்கு இழுத்துவரும் வேகக் காற்றோட்டத்தை, தெற்கே தள்ளிவிடும். வடக்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய புயல்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் திரும்ப, வடக்கே சைபீரியக் குளிர் நுழையும். 2018 பிப்ரவரி 12ல் காற்று திரும்பியது, இரண்டு வாரத்தில் பிரிட்டன் பனியில் மாட்டிக்கொண்டது, மார்ச்சில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மழை கொட்டி வறட்சியே தீர்ந்தது.

ஆனால் 2019 ஜனவரியிலும் காற்று திரும்பியது, அதன் பாதிப்பு ஐரோப்பாவில் தரை வரை சரியாக வந்து சேரவில்லை. மூன்றில் ஒரு பங்கு நிகழ்வுகள் இப்படித்தான் மேலேயே நின்றுவிடுகின்றன. அதனால் "இன்ன தேதியில் பனி" என்று எவராவது எழுதினால் நம்பாதே, குளிருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதற்கு மேல் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சூடேறிய செய்தி வந்தபின் இரண்டு மூன்று வாரம் ஆர்க்டிக்கின் தரைமட்டக் காற்றழுத்தத்தைக் கவனி. அது ஏறிக்கொண்டே போனால் மேலே நடந்தது கீழே இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா